குதிரையும் கருவியும்: தமிழ்ச் சமூக வரலாற்றில் ஏறுதல், பழக்குதல், பேணல்

தமிழிலக்கியத்திற் குதிரை பெற்றுள்ள இடம் பெரிது. புறத்திணையிலே ‘குதிரை மறம்’ எனத் தனித்துறையே வகுக்கப்பட்டுள்ளது. காரி என்னும் வள்ளலின் குதிரைக்கும் காரி என்பதே பெயர். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர். ஊர்வோனையும் ஊர்தியையும் ஒரே பெயரால் வழங்கும் அளவுக்கு வீரயுகக் கற்பனையிலே குதிரை தலைவனோடு ஒன்றிவிட்டது. ஆயின் இப்பெருமிதத்தைக் கடந்து எளிய வினாக்கள் சிலவற்றை எழுப்பியோர் குறைவு. குதிரையின் வாயிலிட்ட இரும்பை வடித்தவன் யார்? அதன் முதுகிற் கட்டிய தோலைத் தைத்தவன் யார்? குளம்பைச் சீவியவன் யார்? கருவிகளில் எவை இன்றியமையாதன என்று தீர்மானித்தவன் யார்? அத்தீர்மானத்திற்கு விலை கொடுத்தவன் யார்? இவ்வினாக்களை இக்கட்டுரையில் நாம் ஆராய முனைகிறோம்.

இப்பொருளை மட்டக்களப்பு வாவியோரத்துக் கல்லடியிலிருந்து நோக்குவதில் ஒரு வசதி உண்டு. இது குதிரை வாழ்ந்த நாடன்று. இங்கு வாவியைக் கடக்கத் தோணி இருந்தது. 1920களிலே மனிங் சீமாட்டியின் பெயரைத் தாங்கிய இரும்புப் பாலம் வந்தது. பொருள் ஏற்ற மாட்டுவண்டியும், சேறடிக்கவும் சூடு மிதிக்கவும் எருமையும் எருதும் இருந்தன. இத்தகைய வேளாண்மைப் பிரதேசத்திற் குதிரை எங்கே காணப்படுகிறது? கோயிலின் வேட்டைத் திருவிழாவிலே மரவாகனமாகக் காணப்படுகிறது, கூத்துப் பாட்டிலே அரசனின் ஊர்தியாகக் கேட்கப்படுகிறது, பழமொழியிலே பேசப்படுகிறது. உயிருள்ள குதிரையை அறியாத ஒரு சமூகத்தின் பண்பாட்டில் அது இத்தனை அழுத்தமாகப் பதிந்திருப்பது, அது உழைப்பின் துணையாக அன்றி அதிகாரத்தின் அடையாளமாகவே நம்மிடம் வந்துசேர்ந்தது என்பதைக் காட்டுகின்றது.

1. மூவகைக் கருவிகள்

ஆய்வு வசதி கருதிக் குதிரைக் கருவிகளை மூவகையாகப் பகுத்துக்கொள்வோம். ஏறுவதற்குரியன முதல்வகை: சேணம், அதனை வயிற்றோடு பிணிக்கும் வார், கால் ஊன்றும் அங்கவடி என்பன. பழக்குவதற்குரியன இரண்டாம் வகை: தலைக்கயிறு, கடிவாளம், சவுக்கு என்பன. பேணுவதற்குரியன மூன்றாம் வகை: இலாடம், குளம்பு சீவும் கத்தி, உடல் தேய்க்கும் தூரிகை, தீனித்தொட்டி, நீர் என்பன. நீரையும் தீனியையும் கருவி எனலாமோ என ஐயுறுவோர், அவையின்றி ஏனையவை பயன்படா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவற்றின் தொழிற்பாடு நுட்பமானது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு தங்குவது அங்கேதான். கயிற்றை இழுக்குமிடத்து ஈறும் நாவும் வாயோரமும் அழுத்தத்தை உணர்கின்றன. எளிய கடிவாளம் நேரடியாக இழுக்கும். நெம்பு பொருத்திய கடிவாளம் சிறு இழுப்பையும் பன்மடங்காக்கும். ஆகவே எவ்வகைக் கடிவாளம் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது, பழக்கப்பட்ட விலங்கை வழிநடத்துவதா, பழக்கப்படாத விலங்கை நோவால் அடக்குவதா என்ற தேர்வுமாகும். சேணத்தின் நோக்கம் ஊர்வோனுக்குச் சுகம் தருவது மட்டுமன்று. அவனது பாரம் முதுகந்தண்டின்மீது நேரே இறங்காது, இருபுறத்துத் தசைகளிலும் பரவும்படி செய்வதே அதன் முதற்கடமை. அளவு பொருந்தாத சேணம் தோள்மேட்டிற் புண்ணை உண்டாக்கும். புண்பட்ட குதிரை எத்துணை உயர்ந்த இனத்ததாயினும் பயனற்றது. அங்கவடி ஊர்வோனுக்கு நிலைப்பை அளிக்கிறது. இலாடம் கடுநிலத்திலே குளம்பு தேயாது காக்கிறது. ஈரநிலத்திலோ குளம்பு மென்மையுற்று அழுகாதபடி இடையிடையே சீவித் துப்புரவு செய்தலே முதன்மையானது.

இம்மூவகையில் முதல்வகை கண்ணுக்குத் தெரிவது. பொன்னும் மணியும் பதிக்கக்கூடியது. இரண்டாம் வகை பாதி தெரிவது. மூன்றாம் வகையோ இலாயத்துக்குள் மறைந்து கிடப்பது. அழகு செய்ய முடியாதது. நாள்தோறும் உழைப்பை வேண்டுவது. நமது இலக்கியம் முதல்வகையைப் புகழ்ந்தது, இரண்டாவதைச் சுட்டியது, மூன்றாவதை ஏறத்தாழ மறந்தது. இம்மறதி தற்செயலானதன்று என்பதே நமது கருத்து.

2. சொற்கள் கூறும் வரலாறு

பொருள்கள் அழிந்த பின்னரும் அவற்றின் பெயர்கள் நிற்கும். முல்லைப்பாட்டிலே பாசறை காக்கும் யவனர் பற்றிய பகுதியில் ‘மத்திகை’ என்னும் சொல் குதிரைச் சவுக்கைக் குறித்து வருகிறது. சவுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இது தொடர்புடையது என்பது அறிஞர் பலரது கருத்து. பிற்காலத்திலே கடிவாளத்திற்கு வழங்கிய ‘கலினம்’ வடமொழி வழியாக வந்தது. அவ்வடமொழிச் சொல்லும் கிரேக்கத்திலிருந்து பெறப்பட்டதென்பர். சேணத்தைக் குறிக்கும் ‘பல்லணம்’ பிராகிருதத்தின் வழியாக வந்தது. மேலும் பிற்பட்ட காலத்துக்குரிய ‘சவுக்கு’, ‘லகான்’ என்பன பாரசீகத்தினடியாக வந்தவை. குதிரை வீரனைக் குறித்த ‘இராவுத்தன்’ என்னும் சொல் தமிழ் முஸ்லிம்களிடையே ஒரு பிரிவினரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இச்சொற்களை ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. குதிரையைக் குறிக்கும் தமிழ்ச்சொற்கள் பல: பரி, மா, புரவி, இவுளி எனப் புலவர் அடுக்குவர். ஆயின் குதிரையை ஆளும் கருவிகளின் பெயர்களிற் கணிசமானவை, காலத்துக்குக் காலம் அவற்றைக் கொணர்ந்த வணிகரதும் படையினரதும் மொழிகளிலிருந்தே வந்துள்ளன. கிரேக்கத் தொடர்பு, வடபுலத் தொடர்பு, பாரசீகத் தொடர்பு என ஒவ்வொரு வணிகக் கட்டமும் ஒரு சொற்படிவை விட்டுச் சென்றிருக்கிறது. இதனை மொழியின் தாழ்வாகக் கொள்வது பேதைமை. உற்பத்தி எங்கு நிகழ்ந்ததோ அங்கிருந்தே பெயரும் வந்தது என்பதே இதன் பொருள். ஏரைப் பற்றிய சொற்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஏர், நுகம், கொழு, மேழி, மூக்கணாங்கயிறு ஆகியன உழவனது வாயிலே பிறந்த சொற்கள். அவன் கருவியை அவனே அறிந்திருந்தான். பெரும்பாலும் அவனோ அவனது ஊர்க் கொல்லனும் தச்சனுமோ அதனை ஆக்கினர்.

3. கடல்வழி வந்த பண்டம்

காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடல்வழியாகக் குதிரைகள் வந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. ஈழத்து வரலாற்றிலும் இத்தொடர்பு மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆட்சி செய்த சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் குதிரை கொணர்ந்த கடல்வணிகனின் மைந்தர் என்றே மகாவம்சம் அறிமுகப்படுத்துகிறது. குதிரையைக் கொண்டுவரும் ஆற்றல் அரசுரிமையையே பெற்றுத்தரக்கூடிய ஆற்றலாக அக்காலத்தில் விளங்கியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரிய நயினாதீவுத் தமிழ்ச் சாசனம் இவ்வகையில் மேலும் நுணுகி நோக்கத்தக்கது. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிப்பித்த இச்சாசனம், ஊர்காவற்றுறைக் கடலில் உடையும் வெளிநாட்டு மரக்கலங்கள் பற்றிய விதியைக் கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் அரசின் பங்கு நான்கில் ஒன்று. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. ஏனைய சரக்கேற்றிய கலம் உடைந்தாலோ அரசும் உடையவனும் சரிபாதி. இருவகைக் கலங்களுக்கும் இடையே ஏன் இவ்வேறுபாடு? பட்டாடையும் வாசனைப் பொருளும் இல்லாதொழியினும் அரசு நிலைக்கும். போர்விலங்கு வராதொழியின் நிலைக்காது. எனவே குதிரை வணிகனின் இழப்பிலே தன் பங்கைக் குறைத்துக்கொள்ள அரசு முன்வந்தது. வணிகனின் இடர்ப்பாட்டை அரசு தன் தோளில் ஏற்றுக்கொள்ளும் போக்கின் தொடக்கத்தை நாம் இங்கே காண்கிறோம்.

சோழர் காலத்து இறுதிப் பகுதிச் சாசனங்களிலே மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் குறிப்பிடப்படுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பாண்டியப் பேரரசு எழுச்சியுற்றபோது இவ்வணிகம் உச்சநிலையை எய்திற்று. இது பற்றி இருவர் எழுதியுள்ளனர். ஒருவர் 1290களின் தொடக்கத்தில் இக்கரைகளைக் கடந்து சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர் பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு.

வசாபு தரும் செய்தி இது: பாரசீகக் குடாவிலுள்ள கீசுத் தீவின் அதிபதி ஆண்டுதோறும் 1400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்புவதென ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது. இதற்கு முற்பட்ட காலத்தில் ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் குதிரைகள் மாபர், கம்பாயத்து முதலான துறைகளுக்கு அனுப்பப்பட்டன என்றும், அவற்றின் மொத்த விலையான 22 இலட்சம் தீனார் கோயிற் சொத்துகளின் மிகுவருவாயிலிருந்தும் கோயிலைச் சார்ந்த கணிகையர் மீதான வரியிலிருந்தும் செலுத்தப்பட்டது என்றும் அவர் எழுதுகிறார். எண்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அரசவை வரலாற்றாசிரியர் பெருக்கிக் கூறுதல் இயல்பு. ஆயின் பணம் வந்த வழி பற்றிய குறிப்பை எளிதிற் புறக்கணிக்க முடியாது. நிலத்தில் உழைத்தவனது மேலதிக விளைவு கோயிலுக்குச் சென்று, அங்கிருந்து அரண்மனைக்கும், அரண்மனையிலிருந்து பாரசீகக் குடாவுக்கும் சென்ற பாதையை அது ஒரே வாக்கியத்தில் வரைந்து காட்டுகின்றது.

4. வாங்கியதும் வாங்காததும்

நமது பொருளுக்கு இன்றியமையாத பகுதி அடுத்து வருகிறது. வந்த குதிரைகளை நாற்பது நாள்கள் இலாயத்திற் கயிற்றாலும் முளையாலும் பிணித்துக் கொழுக்க வைத்தனர் என்றும், பின்னர் முறையாகப் பழக்காமலும், அங்கவடி முதலிய ஏறுகருவிகள் இல்லாமலும் வீரர்கள் அவற்றின்மீது ஏறிக் கடுகி ஓட்டினர் என்றும், சிறிது காலத்தில் வலிமைமிக்க குதிரைகளும் நலிந்து பயனற்றுப் போயின என்றும், அதனால் ஆண்டுதோறும் புதியன வாங்கவேண்டியதாயிற்று என்றும் வசாபு கூறுகிறார். மார்க்கோ போலோவும் இதனையொத்த செய்தியைத் தருகிறார். அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். ஆண்டிறுதியில் நூறும் எஞ்சுவதில்லை. பேணத் தெரிந்தவர் இங்கில்லை. இலாடம் கட்டுவோரையும் குதிரை மருத்துவரையும் இங்கு வரவிடாது வணிகரே தடுத்தனர். குதிரைகள் மடிவதே அவர்களுக்கு இலாபம் என்பது அவர் கூற்று.

இவ்விரு கூற்றுகளையும் எவ்வாறு மதிப்பிடுவது? இருவரும் வெளியார், இருவரும் வணிகர் வாய்க்கேட்டதையே பெரிதும் எழுதினர். தமக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாது எனல் வணிகரின் பழைய பேச்சு. குதிரை பற்றிய அறிவு இந்நாட்டில் அறவே இல்லை என்பது பொருந்தாது. அர்த்தசாத்திரம் குதிரைக் கண்காணிப்பாளனின் கடமைகளைத் தனி அத்தியாயத்தில் வகுத்துள்ளது. சாலிகோத்திரர் பெயரால் குதிரை மருத்துவ மரபொன்று வழங்கியது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. அறிவு இருந்தது. ஆயின் அது எங்கே இருந்தது என்பதே வினா. அது வடமொழியில், அரண்மனைச் சுவடியில், சுழியும் நிறமும் நற்குறியும் தீக்குறியும் பகுத்துக் கூறும் இலக்கணமாகப் பேணப்பட்டது. நாள்தோறும் சாணம் அள்ளித் தீனி வைத்துக் குளம்பைத் தூக்கிப் பார்த்தவன் அந்நூலை வாசிக்கும் நிலையில் இல்லை; வாசித்தவனோ குளம்பைத் தூக்கிப் பார்த்திலன். கையின் அறிவும் ஏட்டின் அறிவும் சாதிப் பிரிவினையால் ஒன்றையொன்று தீண்டாது நின்ற சமூகத்தில், பேணற்கலை வளர்ச்சி குன்றியதில் வியப்பில்லை.

ஆகவே வணிகர் தடுத்தனர் என்னும் செய்தி உண்மையாயினும் அது பாதிக் காரணமே. ஒரு கருவியையும் அதனைக் கையாளும் அறிவையும் விற்பவன் தன்பால் ஒதுக்கி வைத்திருக்க முடிவது, வாங்குபவனது சமூகம் அவ்வறிவை ஏற்று வளர்க்கும் அமைப்பைப் பெறாதபோது மாத்திரமே. பாண்டியன் விலங்கை வாங்கினான். அதனைப் பேணும் தொழிலாளியை வாங்கவில்லை, உருவாக்கவுமில்லை. ஆண்டுதோறும் அழியும் பண்டத்துக்கு ஆண்டுதோறும் விலை கொடுக்க அவனாற் முடிந்தது. ஏனெனில் அவ்விலையை அவன் கொடுக்கவில்லை.

தட்பவெப்பமும் ஒரு காரணமே. வெப்பமும் ஈரமும் மிக்க நெல்நிலத்திலே குதிரைக்கேற்ற பரந்த புல்வெளி குறைவு. இங்கு பிறக்கும் குட்டிகள் கால் கோணி இளைத்திருந்தன எனப் போலோ கூறுவது இதனோடு ஒத்துப்போகிறது. எனினும் இயற்கையை மட்டும் காரணங்காட்டி அமைவது வரலாற்றாய்வாகாது. இயற்கை தடையை மட்டுமே வைக்கிறது, அதனை எவ்வாறு எதிர்கொள்வது என்பதைச் சமூகமே தீர்மானிக்கிறது.

5. இழப்பு யாருக்கு?

இழப்பை யார் ஏற்பது என்னும் வினா நமது சமய இலக்கியத்திலும் எதிரொலிக்கின்றது. திருவிளையாடற் கதையை நாம் அனைவரும் அறிவோம். குதிரை வாங்க அரசன் கொடுத்த பொருளை அமைச்சர் வாதவூரர் பெருந்துறைத் திருப்பணியிற் செலவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தானே வணிகத் தலைவனாக வந்து ஒப்படைக்கிறான். இரவிலே அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறி ஓடுகின்றன. இக்கதையிற் கயிறு மாறுதல் என்னும் வழக்கம் இடம்பெறுகின்றது. விற்பவன் கையிலிருந்த கயிறு வாங்குபவன் கைக்கு மாறியதும் விலங்கின் நன்மை தீமைக்கு விற்பவன் பொறுப்பல்லன். பக்தியின் கண்ணுக்கு இது திருவிளையாட்டு. பொருளியல் வரலாற்றின் கண்ணுக்கோ இது சந்தையின் சட்டம். வாங்கிய மறுநாளே குதிரை பயனற்றுப் போவதும், கேட்பதற்கு வணிகன் இல்லாதிருப்பதும் கேட்போருக்கு அறிமுகமான அனுபவமாக இருந்திராவிடின், இக்கதை இத்துணை உயிர்ப்போடு நிலைத்திராது.

விசயநகரக் காலத்திலும் இதே நிலை தொடர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கேயரான நூனிஸ், சாளுவ நரசிம்மன் உயிருள்ள குதிரைக்கும் இறந்த குதிரைக்கும் ஒரே விலை கொடுத்தான் என்றும், கடலில் இறந்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாற் போதுமாயிருந்தது என்றும் எழுதுகிறார். பின்வந்த அரசன் ஆண்டுக்குப் பதின்மூவாயிரம் குதிரைகளை வாங்கி, சிறந்தவற்றைத் தன் இலாயத்துக்கு எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றைத் தன் படைத்தலைவர்களுக்குக் கொடுத்தான் என்பதும் அவர் கூற்று. நயினாதீவில் அரசு தன் பங்கைக் குறைத்தது. மதுரையில் இறந்த குதிரைக்கும் விலை தந்தது. விசயநகரத்தில் வாலுக்கே விலை தந்தது. இடமும் காலமும் வேறாயினும் விதி ஒன்றே: இலாபம் வணிகனுக்கு, படை அரசனுக்கு, இழப்பு உழுபவனுக்கு.

அதே காலத்திலேதான் திருவரங்கத்துச் சேடராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்கள் எழுந்தன. முன்கால் தூக்கிப் பாயும் அப்புரவிகளின் வாய்ப்பூட்டும், மார்புவாரும், சேணமும் கல்லிலே நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. கருவியைக் கல்லில் வடித்த சிற்பி அதனை உற்றுநோக்கி அறிந்திருந்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவன் உளி தீனித்தொட்டியைச் செதுக்க அழைக்கப்படவில்லை.

6. அங்கவடியும் கழுத்துப்பட்டையும்

அங்கவடியின் வரலாறு பற்றி மேலைநாட்டில் நிகழ்ந்த விவாதமொன்று இவ்விடத்தில் நமக்குப் பயன்படும். பெருவிரலை நுழைக்கும் கயிற்று வளையம் இந்தியாவிலே கிறித்துவுக்கு முன்னரே வழக்கிலிருந்தமையைச் சாஞ்சிச் சிற்பங்கள் காட்டும். உலோகத்தாலான முழு அங்கவடி நான்காம் நூற்றாண்டளவிற் சீனாவில் உருப்பெற்று, படிப்படியாக மேற்கே பரவியது. 1962இல் வெளியான தமது நூலிலே லின் வைற் என்னும் வரலாற்றாசிரியர், அங்கவடியின் வருகையே ஐரோப்பாவிற் குதிரை வீரரைத் தலைமையாகக் கொண்ட நிலமானிய அமைப்பைத் தோற்றுவித்தது என வாதிட்டார். அடுத்த ஆண்டே மார்க்சிய வரலாற்றறிஞர் றொட்னி ஹில்ற்றனும் சோயரும் இதனைக் கடுமையாக மறுத்தனர். ஒரு கருவி தனித்து நின்று ஒரு சமூக அமைப்பைப் பெற்றெடுப்பதில்லை. எந்தச் சமூகம் எந்தக் கருவியை, எதற்காக ஏற்கிறது என்பதே வினா என்பது அவர்களது மறுப்பின் சாரம்.

இம்மறுப்பின் வலிமையை நமது வரலாறு உறுதிப்படுத்துகின்றது. விரல்வளையத்தை அறிந்திருந்த நிலப்பரப்பு இது. எனினும் ஐரோப்பிய வகை நிலமானியம் இங்கே அதனால் எழவில்லை. மறுபுறத்தில், ஐரோப்பாவிற் குதிரையின் வரலாற்றையே மாற்றிய வேறொரு கருவி உண்டு. அது குதிரையின் மூச்சுக்குழலை நெரிக்காது தோளிற் பாரத்தைத் தாங்கச் செய்யும் கழுத்துப்பட்டை. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளை அடுத்து இது அங்கு பரவியதும், குதிரை போர்க்களத்தை விட்டு உழவுக்கும் வண்டிக்கும் வந்தது. உழவன் தொழுவிலே நின்ற குதிரைக்கு இலாடம் கட்ட ஊர்க் கொல்லன் வேண்டப்பட்டான். பேணலறிவு ஊர்தோறும் பரவியது. குதிரை உற்பத்திக் கருவியானபோதே அதனைப் பேணும் கலையும் மக்கட் கலையாயிற்று.

தமிழ்நிலத்தில் இது நிகழவில்லை. நிகழவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நெல்வயற் சேற்றிலே எருமைக்கும் எருதுக்கும் நிகர் குதிரையன்று. எருது வைக்கோலைத் தின்று வாழும். குதிரைக்கோ தானியம் வேண்டும். மனிதன் உண்ணும் கொள்ளையும் பயறையும் அது பங்கு கேட்கும். எனவே உழவன் எருதைத் தேர்ந்தது அறியாமையாலன்று, அறிவாலேயே. ஆயின் அதன் விளைவு, குதிரை என்றென்றும் ஆளும் வர்க்கத்தின் நுகர்பொருளாகவே நின்றதாகும். உற்பத்தியிற் பங்குகொள்ளாத விலங்கின் கருவிகளும் உற்பத்தியாளனின் அறிவெல்லைக்கு வெளியே நின்றன.

7. கீழிருந்து ஒரு பார்வை

உழைக்கும் மக்கள் இவ்விலங்கை எவ்வாறு நோக்கினர்? ஏட்டிலக்கியம் மௌனஞ் சாதிக்குமிடத்துப் பழமொழி பேசுகின்றது. கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும் என்பது இலாயத்தில் நின்றவனின் கண்ணாற் கண்ட உண்மை. கூலி பெறும்போது முன்வந்து வேலையின்போது பின்வாங்குவோனைச் சாட இன்று இது பயன்படுகிறது. ஆயினும் வாயிற் புண்பட்ட விலங்கு இரும்பைக் கண்டு வாய் மூடுவது இயல்பே என்பதும் இதனுள் அடங்கியுள்ளது. காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், அது காற்றாய்ப் பறக்கவும் வேண்டும் என்பது சந்தையில் நின்று வாங்குவோனை நகைத்தவனின் குரல். மலிவாய் வாங்கி மிகுதியாய்ப் பெற விழையும் தலைவர்களை எத்தனை தரகர்களும் இலாயக்காரரும் உள்ளூர நகைத்திருப்பர்!

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் எழுந்த நொண்டி நாடகங்கள் மேலும் பொருள் பொதிந்தவை. சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் என்பன இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. பரத்தையின் வலைப்பட்டுப் பொருளிழந்த கள்வன் ஒருவன், பொருள் தேடிக் குதிரை திருடப் புகுகிறான்; பிடிபடுகிறான்; கால் வெட்டப்படுகிறான்; பின்னர் இறையருளால் மீண்டும் கால் பெறுகிறான். இதுவே இவற்றின் பொதுக் கட்டமைப்பு. பாளையக்காரரும் முகலாயத் தளபதிகளும் மோதிய அக்காலத்திலே எளியவன் ஒருவன் ஒரே இரவிற் செல்வனாவதற்குத் திருடக்கூடிய பொருள்களில் உயர்ந்தது குதிரையாகவே இருந்தது. அதனைத் தொட்டதற்கு அவன் தன் காலையே விலையாகக் கொடுக்கிறான் என்பதிலுள்ள குறிப்பு ஆழமானது: ஏறிச் செல்லும் உரிமை உனக்கில்லை, ஏற முயன்றால் நடக்கும் உரிமையும் போய்விடும். அற்புதம் கடவுளிடமிருந்து வரலாம். நீதி அரசிடமிருந்து வராது என்பதையும் அந்நாடகம் சொல்லாமற் சொல்கின்றது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்து மரபைப் புத்துயிர்ப்பித்தபோது, 1962இல் கர்ணன் போரையும் அதனை அடுத்து 1963இல் நொண்டி நாடகத்தையும் மேடையேற்றினார் என்பது நினைவுகூரத்தக்கது. கூத்துக் களரியிலே குதிரை வருவதில்லை. அரசனின் வரவைப் பாட்டும் மத்தளமும் ஆடுவோனின் பாதமுமே தோற்றுவிக்க வேண்டும். பகலில் வயலில் நின்ற உழவன் இரவில் முடிதரித்து அரசனாக ஆடும்போது, அவன் ஏறும் குதிரைக்குச் சேணமும் வேண்டா, தீனியும் வேண்டா. தன் முன்னோரின் விளைச்சலை விழுங்கிய விலங்கைத் தன் காலடியிலேயே படைத்துக் காட்டும் கலைஞன் அவன். இதிலே இழப்பின் சுவடும் உண்டு. வெற்றியின் சுவடும் உண்டு.

8. நெடுந்தீவின் பாடம்

ஈழத்திற் குதிரை வரலாற்றின் இறுதி இயலை நெடுந்தீவிற் காணலாம். ஐரோப்பியர் ஆட்சியில், குறிப்பாக ஒல்லாந்தர் காலத்தில், அத்தீவு குதிரை வளர்ப்புக் களமாகப் பயன்பட்டது. பிரித்தானியர் காலத்திலும் சில காலம் அது தொடர்ந்து, பின் கைவிடப்பட்டது. இலாயத்தின் இடிபாடுகள் இன்றும் அங்குள்ளன. உடையவன் நீங்கியதும் குதிரைகள் கட்டாக்காலிகளாயின. சேணமும் கடிவாளமும் இல்லாத அக்குதிரைகளைக் காணச் செல்வோர் அவற்றின் சுதந்திரத்தை வியந்து எழுதுவர். ஆயின் வரட்சிக் காலங்களில் அவை நீரின்றி வாடி மடிவதுண்டு. ஏறும் கருவியும் பழக்கும் கருவியும் நீங்கிய பின்னரும் ஒரு தேவை எஞ்சி நிற்பதை நெடுந்தீவு காட்டுகின்றது, அதுவே பேணல். மனிதன் ஒரு தீவுக்குக் கொணர்ந்து தன் தேவை முடிந்ததும் கைவிட்ட உயிருக்கு, ஒரு தொட்டி நீரே இன்றியமையாக் கருவி.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். குதிரைக் கருவிகளில் எது இன்றியமையாதது என்ற வினாவுக்கு ஒவ்வொரு வர்க்கமும் தன் நிலையிலிருந்தே விடை தந்தது. ஊர்ந்த தலைவனுக்குப் பொற்சேணம். வென்ற படைவீரனுக்கு அங்கவடி. விற்ற வணிகனுக்கு மாறிய கயிறு. இலாயத்தில் நின்றவனைக் கேட்டிருந்தால் நீரும் தீனியும் குளம்புக்கத்தியும் என்றிருப்பான். அவனை எவரும் கேட்டிலர். கேளாததன் விலையை ஆண்டுதோறும் மடிந்த குதிரைகளும், அவற்றுக்காக நெல் அளந்த குடிகளும் செலுத்தினர். குதிரைப் படையின் பெருமையைப் பாடுமிடத்து இக்கணக்கையும் சேர்த்தெழுதுதல் வரலாற்று மாணவரின் கடன்.

இத்துறையிற் செய்யவேண்டிய வேலை நம் கைக்கெட்டிய தூரத்திலேயே உண்டு. வாகனம் செதுக்கும் ஆசாரிமார் மரக்குதிரையின் ஒவ்வோர் உறுப்புக்கும் அணிக்கும் என்ன பெயர் வழங்குகின்றனர்? வண்டிக்காரரும் மாட்டுக்கு இலாடம் அடித்தோரும் தம் கருவிகளை எவ்வாறு அழைத்தனர்? அண்ணாவிமாரின் கூத்தேடுகளில் அரசனின் ஊர்தி எச்சொற்களாற் பேசப்படுகிறது? அத்தொழில்கள் அருகிவரும் இந்நாளிலே, அச்சொற்களை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவற்றைத் தொகுத்துவிட வேண்டும். கல்லிலும் ஏட்டிலும் இடம்பெறாத கைகளின் வரலாற்றுக்கு அச்சொற்களே சாசனம்.